ஒரு டம்ளர் எண்ணெய்

"வெள்ளிக்கிழமை அத உடைக்க வாராவ. உடைக்கும்போது நான் பக்கத்துல நிக்கணுமா, நிக்க வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க, மேஸ்திரியம்மா."

உலகநாதன் கேட்டது இவ்வளவுதான்.

அவர் மேஸ்திரியம்மா என்று கூப்பிட்டது சங்கரவடிவை. செங்கோட்டையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர். பூரிக்கட்டை, தொட்டில் கம்பு, கட்டில் கால் எல்லாம் அங்கே உருண்டு திரண்டு வெளியே வரும்.

பட்டறையில் இருப்பவை அத்தனையும் வெள்ளைக்காரன் காலத்து மிஷின்கள். மொத்தத்துக்கும் ஒரே மோட்டார். கூரையை ஒட்டி ஒரு நீளமான இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு மிஷினையும் சுற்றும். பார்க்க லட்சணமே கிடையாது. எல்லாம் கரிச்சட்டி நிறம்.

ஆனால் அத்தனையும் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை.

அதனால்தான் சுற்றுவட்டாரத்தில் யாருடைய மிஷின் முரண்டு பிடித்தாலும் அந்தச் சந்தில் ஆள் வந்து நிற்கும். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் மட்டும் சங்கரவடிவுக்கு இல்லை. எனக்கு அதில் எரிச்சல்தான். என் எரிச்சலைக் கேட்டுக்கொண்டு யாரும் அங்கே போகாமல் இருப்பதில்லை, அது வேறு விஷயம்.

உலகநாதன் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக மரப்பட்டறை நடத்துகிறவர். தன்னைச் சீடர் என்று அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சந்தேகம் என்று வந்தால் கால் தானாக அந்தச் சந்துக்குள் திரும்பும். அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கரவடிவு பெல்ட்டைத் தள்ளிவிட்டுக் கடைசல் மிஷினை நிறுத்தினார்.

"எத உடைக்க வாராவ?"

"இழைப்பு மிஷின."

"பெரிசையா?"

"அதத்தான்."

மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தேயிலைப் பெட்டி செய்யும் கொட்டகையில் கிடந்த மிஷின் அது. எஸ்டேட்காரர்கள் அட்டைப்பெட்டிக்கு மாறியபோது உலகநாதன் வாங்கிக் கீழே இறக்கினார். முதலில் மிஷினைத் தரையில் பதித்தார். பிறகு அதைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார்.

ஆகவே அது வாசல் வழியாக வெளியே போகாது. சம்மட்டியால் அடித்துத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும்.

"வார்ப்பிரும்பு அண்ணாச்சி, ஒடையும்போது கோயில் மணி மாதிரி கணீர்னு இருக்கும்" என்று பழைய இரும்பு வாங்கும் செல்லையா ஆறுதலாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அதுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார் சங்கரவடிவு.

"அலறுது. பலகைய உள்ள விட்டா போதும், அப்படி ஒரு அலறல். பக்கத்துல கைய வச்சா பொசுங்குது. இழைச்ச பலக பூரா அலை அலையா வருது. அந்தப் பலகையில எந்த மகராசன் கதவு செய்வான்?"

"எப்பலருந்து?"

"போன ஆயுத பூசை கழிஞ்சு கொஞ்ச நாள்ல முனக ஆரம்பிச்சுட்டு. இப்ப தாங்க முடியல. தென்காசியிலருந்து ஒரு மெக்கானிக் வந்து பாத்தாரு. வயசாயிட்டு, தூக்கிப் போட்டுருங்கன்னுட்டாரு. அது இல்லன்னா எம் பட்டறையே இல்ல, மேஸ்திரியம்மா. கதவப் பூட்டிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"நீங்க அதுக்கு என்ன செஞ்சீய?"

உலகநாதனுக்குச் சுருக்கென்றது.

"என்ன செய்யல? காலையில குளிச்சுத் திருநீறு பூசிட்டு, ஒரு டம்ளர் எண்ணெயோடதான் பட்டறைக்குள்ளயே போவேன். கத்தி உருளைக்கு இந்தப் பக்கத்துக் கிண்ணத்துல பாதி, அந்தப் பக்கத்துக் கிண்ணத்துல பாதி. அதுக்கு ஊத்துன பொறவுதான் எனக்குக் காப்பி. வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புதுப் பெயிண்ட். சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. எனக்கு ஒரு சேல எடுக்க யோசிக்கிய, அந்த இரும்புக்கு டப்பா டப்பாவா வாங்குதியன்னு எம் பொண்டாட்டி சடைக்கா. இன்னும் என்ன செய்யணும் நான்?"

"எண்ணெ நல்லா ஊத்துதீயளா?"

"வழிய வழிய ஊத்துதேன்."

சங்கரவடிவு நிமிர்ந்து பார்த்தார்.

"வழிய வழியவா?"

"ஆமா. வயிறு நெறஞ்சு ரெண்டு பக்கமும் வழிஞ்சு நிக்கும். சாயங்காலம் நம்ம வேலையாளு தங்கப்பழந்தான் தொடைப்பாரு."

சங்கரவடிவு எழுந்து போனார். கொடியில் கிடந்த பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து வந்தார். வெளுத்த வெள்ளைத் துணி.

"நாளைக்கு இத வச்சுத் தொடைங்க. தொடச்சுட்டு எங்கிட்ட கொண்டாங்க."

"நான் கேட்டதுக்கு?"

பெல்ட் மறுபடி ஏறியது. கட்டில் கால் சுற்ற ஆரம்பித்தது.

*

போன ஆயுத பூசைக்கு உலகநாதன் தெருவையே கூப்பிட்டிருந்தார். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் தாராளம். நடுக்கூடத்தில் மிஷின் புதுப் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. கத்தி உருளை முதல் கால் வரை சந்தனப் பொட்டு. மாலை போட்டிருந்த விதத்தைப் பார்த்தால் மிஷினுக்கே கல்யாணம் என்று நினைப்பார்கள்.

வந்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள்.

சங்கரவடிவும் வந்திருந்தார். மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரலால் ஓர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் அடிச்சிருக்கீய" என்றார். பொரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்கு உலகநாதன் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. லேசில் யாரையும் பாராட்டாத வாய் அது. மறுநாள் விஜயதசமிக்கு மிஷினை ஓட்டுவதற்கு முன்னால், டப்பாவில் மிச்சம் கிடந்த பெயிண்டையும் சுரண்டி எடுத்து இன்னொரு பூச்சு பூசினார்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உலகநாதன் துணியோடு வந்தார். எண்ணெயில் ஊறிக் கனத்திருந்தது.

"பாருங்க. இம்புட்டு எண்ணெ. கொற வச்சிருக்கனா நான்?"

சங்கரவடிவு துணியை வாங்கி ஓர் ஆணியில் மாட்டினார். இன்னொரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.

"நாளைக்கும்."

"மேஸ்திரியம்மா, வெள்ளிக்கிழமை அவுக சம்மட்டியோட வந்துருவாவ."

"வரட்டும். துணிய மறக்காதீங்க."

*

புதன்கிழமையும் துணி வந்தது. முந்தைய துணிக்குப் பக்கத்தில் அதுவும் தொங்கியது.

உலகநாதனுக்கு உடனே வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்தார். எதிரே அந்தக் கரிச்சட்டி மிஷின்கள் முணுமுணுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்க இதுகளுக்குப் பெயிண்டே அடிக்க மாட்டீயளா?"

"இல்ல."

"பாவமா இல்லியா உங்களுக்கு? ஆயுத பூசைக்காவது அடிக்கலாம்லா?"

"ஒரு பொட்டு வப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அன்னைக்கு ஒரு நாள் லீவு விடுவேன். அது அதுகளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அப்போது சங்கரவடிவு ஒரு சின்ன எண்ணெய்க் கெண்டியோடு ஒவ்வொரு மிஷினாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விடுவார். குனிந்து பார்ப்பார். கொஞ்சம் நிற்பார். மறுபடி ஒரு சொட்டு. மறுபடி குனிவார்.

உலகநாதனுக்குப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பாக வந்தது.

"என்ன இப்படிப் பிசினாறித்தனமா விடுதீய? நான்னா டம்ளரோட கவுத்துட்டு அடுத்த சோலியப் பாக்கப் போயிருவேன்."

சங்கரவடிவும் சிரித்தார். ஆனால் நிமிரவில்லை.

*

வியாழக்கிழமை உலகநாதனால் சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை. மத்தியானமே துணியோடு வந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது. தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இந்தாங்க உங்க துணி."

ஆணியில் மாட்ட அவரே போனார். அப்புறம் மாட்டாமல் திரும்பினார்.

"நான் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். நிக்கணுமா, வேண்டாமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னா என்ன கொறஞ்சு போவும்? சலவைக்குப் போடுற மாதிரி நாள் தவறாம துணி கேக்கீய. நாளைக்கு என் கண்ணு முன்னால அத அடிச்சு நொறுக்கப் போறாவ. உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?"

அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். வயசான மனிதர் ஓர் இரும்புக்காக அழுவதா என்று தோன்றலாம். அந்த இரும்பின் பக்கத்தில் நின்று உழைத்துத்தான் அவர் மகளைக் கட்டிக் கொடுத்தார், வீட்டுக்கு ஓடு மாற்றினார். அழத்தான் செய்வார்.

சங்கரவடிவு மிஷினை நிறுத்தினார்.

"எண்ணெ ஊத்துற டம்ளர் எங்க?"

"பட்டறையில."

"எடுத்துட்டு வாங்க."

உலகநாதன் வெயிலில் போனார். வெயிலில் திரும்பி வந்தார். பழைய எவர்சில்வர் டம்ளர். ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

சங்கரவடிவு அவர் கையிலிருந்த துணியை வாங்கினார். டம்ளருக்கு மேலே வைத்துப் பிழிந்தார். மடித்துப் பிழிந்தார். முறுக்கிப் பிழிந்தார். எண்ணெய் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது.

டம்ளர் நிறைந்தது. விளிம்புக்கு ஒரு விரற்கடை மட்டும் குறைவு.

அதை உலகநாதன் கையில் கொடுத்தார்.

"காலையில எவ்வளவு ஊத்துனீய?"

"இந்த டம்ளர் நெறைய."

"கொறையுதே."

"ஆமா, கொஞ்சம் கொறையுது."

"அது துணி குடிச்சது" என்றார் சங்கரவடிவு.

உலகநாதன் டம்ளரைப் பார்த்தார். பிழிந்த துணியைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய மற்ற இரண்டையும் பார்த்தார்.

"அப்ப அது?"

சங்கரவடிவு கடைசலுக்குத் திரும்பிவிட்டார்.

"மேஸ்திரியம்மா, அப்ப அது என்ன குடிச்சுது?"

பதில் வருவதற்குள் உலகநாதன் சந்து முனையைத் தாண்டியிருந்தார். டம்ளரை மட்டும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு ஓடினார்.

*

பட்டறையில் தங்கப்பழம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மீசை நரைத்த மனிதர். முதலாளி ஓடிவந்து அவர் பார்த்ததே இல்லை.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"உளி எடும். பழைய உளி."

கத்தி உருளையின் இரண்டு முனையிலும், இரும்பு மூடியின் தலையில் சின்னதாக ஒரு கிண்ணம் குழித்திருக்கும். அதில்தான் இத்தனை நாளும் எண்ணெய் ஊற்றினார். ஊற்றியது நிரம்பி நிற்கும், மேலே மரத்தூள் மிதக்கும். கிண்ணத்தை வற்றவைத்து அவர் அடியைப் பார்த்ததில்லை. வந்த மெக்கானிக்கும் எண்ணெய் தளும்பி நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் நோயைத் தேடப் போய்விட்டார்.

இப்போது விரலில் துணியைச் சுற்றிக் கிண்ணத்தைத் துடைத்தார். அடி பச்சையாக, வழுவழுவென்று இருந்தது.

உளியை வைத்துச் சுரண்டினார்.

மேலே பச்சை. போன வருஷம் விஜயதசமிக்குப் பூசியது. அதற்குக் கீழேயும் பச்சை. அதற்கு முந்தின நாள் ஆயுத பூசைக்கு அடித்தது.

அதற்குக் கீழே நீலம். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக் கதவுக்கு வாங்கி மிஞ்சியது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு, நசுங்காமல் அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே மஞ்சள். குற்றாலத்தில் பெருவெள்ளம் வந்த வருஷம். பட்டறைக்குள் தண்ணீர் வராமல் காப்பாற்றினாயே என்று கும்பிட்டுக் கும்பிட்டு அடித்த மஞ்சள். அதன்மேலும் ஒரு பொட்டு. இன்னும் கீழே வேறு வேறு வருஷத்து நிறங்கள்.

இத்தனையையும் ஆசை ஆசையாக அடித்தவர் உலகநாதன்தானே. ஒவ்வொரு பூச்சிலும் கொஞ்சம் கிண்ணத்துக்குள் இறங்கியிருக்கிறது. யாரையும் திட்டவும் வழியில்லை.

கடைசியில் எஸ்டேட்டின் பழைய சாம்பல் நிறம் வந்தது. அதன் நடுவில் மொச்சை அளவில் ஒரு வட்டம், எண்ணெய் உள்ளே இறங்க வேண்டிய துளை. உளி அங்கே மெத்தென்று இறங்கியது.

"கட்டுக்கம்பி" என்றார்.

தங்கப்பழம் கொடுத்தார். கம்பி உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. இழுத்தபோது பெயிண்டும் மரத்தூளும் சந்தனமும் சேர்ந்த ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது.

அடுத்த பக்கத்திலும் அதே கதை.

உலகநாதன் டம்ளரை எடுத்தார். கொஞ்சம் ஊற்றினார். குனிந்து பார்த்தார்.

கிண்ணத்தில் எண்ணெய் சுழித்தது. களக் என்று ஒரு சத்தம். கிண்ணம் காலியானது.

மறுபடி ஊற்றினார். மறுபடி களக். மறுபடியும் காலி.

கிண்ணம் தளும்பி நிற்பதைப் பார்த்துப் பார்த்து அத்தனை நாளும் மனம் குளிர்ந்தவர், அது காலியாவதைப் பார்த்து அன்று அழுதார். டம்ளர் முடிந்தது. தங்கப்பழம் ஓடிப்போய் எண்ணெய் டின்னையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி" என்றார் தங்கப்பழம், மெதுவாக. "அப்ப நான் சாயங்காலம் சாயங்காலம் தொடைச்சது?"

"ஆமாவே."

"பூராவுமா?"

"பூராவும்."

தங்கப்பழம் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் செல்லையா வந்துவிட்டார். கூட இரண்டு பேர், தோளில் சம்மட்டி. தெருவில் வண்டி நின்றது.

"உடைக்க வேண்டாம், செல்லையா" என்றார் உலகநாதன்.

"ஓடுதா?"

"இன்னும் போட்டுப் பாக்கல."

பயந்துகொண்டு போடாமல் இருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது.

"போடுங்க. ஓடுச்சுன்னா நான் வண்டியத் திருப்புதேன். எனக்கு என்ன, உடைச்சுத்தான் தீரணும்னு வேண்டுதலா?"

உலகநாதன் சுவிட்சைத் தட்டினார்.

மிஷின் அலறியது.

முந்தாநாள் அலறிய அதே அலறல். செல்லையா காதைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் வருத்தத்தோடேயே தலையை ஆட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் சம்மட்டிக்காரர்கள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்கள்.

உலகநாதன் அணைக்கக் கையைக் கொண்டுபோனார்.

"அணைக்காதீங்க."

வாசலில் சங்கரவடிவு நின்றார். வேலை நேரத்தில் அவர் பட்டறையை விட்டு இறங்குகிறவர் இல்லை. புடவை முழுக்கக் கடைசல் சீவல். அப்படியே வந்திருந்தார்.

நேராகப் போய் உருளை முனையின் இரும்பு மூடியில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"மரம் ஏதும் விடாதீங்க. சும்மா ஓடட்டும். ஊத்துங்க. கொஞ்சமா. பாத்து ஊத்துங்க."

உலகநாதன் ஊற்றினார். குனிந்தார். கிண்ணம் காலியாகும்வரை நின்றார். அந்தப் பக்கம் போனார். ஊற்றினார். குனிந்தார்.

செல்லையா ஒரு பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தார். சம்மட்டிக்காரர்கள் சம்மட்டியைக் கிடத்தி அதன்மேல் உட்கார்ந்தார்கள். தங்கப்பழம் யாரும் கேட்காமலேயே வடை வாங்கி வந்தார்.

உலகநாதன் இங்கேயும் அங்கேயுமாக நடந்துகொண்டே இருந்தார். சங்கரவடிவு கையை எடுக்கவே இல்லை.

வெயில் ஏறியது.

செல்லையா தங்கப்பழத்திடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மிஷின் சத்தத்தைத் தாண்டவேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"இன்னொரு வடை இருக்கா?"

கூடம் முழுக்க எதிரொலித்தது. கத்த வேண்டியதே இல்லை என்று அவருக்கே பாதியில் தெரிந்துவிட்டது. வெட்கத்தோடு எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள்.

அது முணுமுணுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப ஒரு பலக விடுங்க. மெல்லிசா" என்றார் சங்கரவடிவு.

வேங்கைப் பலகை ஒன்று உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் தங்கப்பழம் வாங்கினார். தடவினார். உலகநாதனிடம் நீட்டினார். உலகநாதன் தடவிவிட்டுச் செல்லையாவிடம் நீட்டினார்.

"இதப் போயி உடைக்கச் சொன்னீயளே" என்றார் செல்லையா, என்னமோ உலகநாதன்தான் தன்னை வற்புறுத்தியதுபோல.

"உள்ள உருளை உக்காந்து சுத்துற புஷ் தேஞ்சிருக்கு" என்றார் சங்கரவடிவு. "புதுசா ஈயம் காய்ச்சி ஊத்தணும். நான் ஊத்தித் தாரேன். அதுவரைக்கும் தடியா இழைக்காதீங்க."

வந்த வண்டி வெறுமனே போகக் கூடாது என்று செல்லையா சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் காலிப் பெயிண்ட் டப்பாக்கள் குவிந்து கிடந்தன. எல்லா ஆயுத பூசைகளும் அங்கே இருந்தன.

"இது?"

"எடுத்துக்கிடுங்க" என்றார் உலகநாதன்.

சம்மட்டிக்காரர்கள் அள்ளினார்கள். ஒன்று மட்டும் கனத்தது. இந்த வருஷத்துக்கு வாங்கி வைத்தது. இன்னும் திறக்கவில்லை.

"இதுவுமா?"

உலகநாதன் டப்பாவை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். வாசல் கதவு வெளுத்துப் போய்க் கெடக்கு."

*

வண்டி போனபிறகு உலகநாதனுக்கு நிலைகொள்ளவில்லை.

"போன வருசம் 'கெட்டியா அடிச்சிருக்கீய'ன்னு சொன்னீயளே. நான் அதப் பாராட்டுன்னு நெனச்சு இன்னொரு பூச்சு பூசுனேன்."

சங்கரவடிவு முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"நானும் அன்னைக்குக் குனிஞ்சு பாத்திருக்கணும். பொரியத் தின்னுக்கிட்டே போயிட்டேன்."

"சரி. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலியே. பக்கத்துல நிக்கணுமா, வேண்டாமான்னு கேட்டேன்."

"இப்ப எங்க நிக்கீய?"

உலகநாதன் தன் காலைப் பார்த்தார். மிஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றார். காலையிலிருந்து அங்கேதான் நின்றார்.

அவர் மனம் நிறைந்துவிட்டது. நிறைந்த மனதுக்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டுக்கு ஓடினார். மகள் கல்யாணத்தில் தனக்குப் போட்ட பொன்னாடையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல கெட்டிச் சால்வை. ஜரிகை மின்னியது. இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு சங்கரவடிவின் முன்னால் போய் நின்றார்.

"தங்கப்பழம், எல்லாரையும் கூப்பிடும். மேஸ்திரியம்மாவுக்குப் பொன்னாடை போத்தணும்."

சங்கரவடிவு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தார். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது.

"காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல, அண்ணாச்சி" என்றார்.

உலகநாதன் விரித்த சால்வையோடு அப்படியே நின்றார்.

பிறகு அதை மெதுவாக மடித்தார். பலகை அடுக்கின்மேல் வைத்தார்.

டீக்கடைக்கு அவரே போனார். டீயைத் தூக்குவாளியில் வாங்காமல் டம்ளரோடு கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். சர்க்கரை தூக்கல்.

சங்கரவடிவு ஊதி ஊதிக் குடித்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உலகநாதன் கொஞ்சம் குனிந்து, டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டம்ளரின் அடி தெரிந்ததும் கேட்டார்.

"இன்னொரு டீ சொல்லவா?"

"சொல்லுங்க."